நாலரை மீட்டர்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலை எட்டு மணிக்கு எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தால் மாலை நான்கு மணிவரை, "மூச்ச இழுங்க, அப்படியே புடிச்சுக்குங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பவளுக்கு வேறென்ன பெயர் வரும்? ஊரையே ஆடாமல் அசையாமல் நிற்கவைத்துப் பழகியவளுக்கு, ஒரு நொடிகூட சும்மா இருக்கத் தெரியாத ஒரு சிட்டின்மேல் ஆசை வந்துவிட்டது.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மஞ்சள் வயிறு, சதா ஆடும் வால். எதிர்க் கட்டடத்து ஆன்டெனாவில் தினமும் காலையில் வந்து உட்கார்ந்து கத்தும். அவளிடம் ஒரு கேமராவும், இருநூற்றைம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றும் இருந்தன. மூன்று மாதத்தில் நானூறு படம் எடுத்தாள். நானூறிலும் ஆன்டெனா பிரமாதமாக வந்திருந்தது.

"இதுல சிட்டு எங்க இருக்கு?" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"இதோ, இங்க."

"நான் அத லென்ஸ்ல ஒட்டுன தூசின்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுச் சட்டை நுனியால் திரையைத் துடைக்கவும் செய்தான்.

கொழுந்தன் வேறு போனிலேயே ஆலோசனை சொல்வான். அவன் ஒரு பறவையையும் எடுத்ததில்லை. ஆனால் எடுப்பது எப்படி என்று எல்லா வீடியோவும் பார்த்திருந்தான். "அண்ணி, உங்க லென்ஸுக்கு ரீச் பத்தல, அவ்ளோ தூரம் எட்டாது. அறுநூறு எம்.எம்.மாச்சும் வேணும். இல்லன்னா கிட்டப் போங்க. காலுதான் இருக்கறதுலயே மலிவான லென்ஸ்."

அதையும் செய்துபார்த்தாள். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில், தலையில் சாம்பல் நிறப் போர்வையைப் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தவழ்ந்தாள். சிட்டு பறந்துவிட்டது. காவலாளி வந்துவிட்டார். "பறவை எடுக்கறேங்க" என்றதும் அவர் வெறும் ஆன்டெனாவைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், "எறங்குங்கம்மா" என்றார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை, கேமரா கடையில் அறுநூறு எம்.எம். லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தாள். கடைக்காரர் ஈடாக அவளுடைய பழைய லென்ஸை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். பெரியது நான்கு கிலோ இருந்தது. வீட்டுக்கு வரும்வரை அதைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்தே வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பால்கனிக் கதவருகே கேமரா முக்காலியை நிறுத்தி, அதன்மேல் பீரங்கிபோல லென்ஸை ஏற்றி ஆன்டெனாவைக் குறிவைத்தாள். அடேயப்பா! ஆன்டெனாவின் துருகூடத் தெரிந்தது. சிட்டைத்தான் காணோம். ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று.

"ஏய்," என்று கணவன் பின்னாலிருந்து கிசுகிசுத்தான். "அங்க பாக்காத. இங்க பாரு."

முந்தின நாள் அவன் கழுவிப் பால்கனிக் கம்பியில் காயப்போட்ட தேங்காய்நார் மிதியடியின்மேல் உட்கார்ந்திருந்தது சிட்டு. கையை நீட்டினால் எட்டிவிடும். காலால் மிதியடியை அழுத்திக்கொண்டு, வீட்டுக்காரர்கள் நிற்பதையே சட்டை செய்யாமல், நார் நாராக உருவிக்கொண்டிருந்தது.

லென்ஸை அதன் பக்கம் திருப்பினாள். லென்ஸ் குவியம் தேடிக் கிர்ர் என்றது. மறுபடியும் கிர்ர் என்றது. மஞ்சளாக ஒரு மூட்டம் தெரிந்தது, அவ்வளவுதான். சிட்டு இரண்டு நாரைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

லென்ஸின் பக்கவாட்டைப் பார்த்தாள். 4.5 மீ. என்று பொடி எழுத்தில் இருந்தது. அதற்குக் கிட்டே எது வந்தாலும் இந்த மகாராஜாவுக்குக் கண் தெரியாது.

"இவ்ளோ பெரிய சாமானுக்கு வெறும் தூரப்பார்வைதானா?" என்றான் கணவன். "பழசப் போடு."

"அது கடைக்காரர்கிட்ட இருக்கு."

அவன் சிரிக்க வாய் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். "சரி, கூடு கட்டுது. கண்டிப்பா திரும்ப வரும். நாம பின்னால போவோம்."

லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் அளவுநாடாவுக்கா பஞ்சம்? கம்பியிலிருந்து வாசல் நிலைவரை மூன்றரை மீட்டர். அதற்கப்புறம் நடைவழி ஒரு மீட்டர். நாலரைக்குக் கச்சிதமாக வரும் இடம் எதிர்வீட்டுக் கதவு. கேமரா அங்கே நின்றால், அதற்குப் பின்னால் அவள் எங்கே நிற்பது?

எதிர்வீட்டில் இருந்தவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். வீட்டு ஜன்னலோரத்தில்தான் வேலை. போன மாதம் இவர்கள் வீட்டுக் கதவு காற்றில் படாரென்று அடித்ததில், அவர் இடுக்கியில் பிடித்திருந்த மயிரிழை ஸ்பிரிங் எங்கோ தாவிவிட்டது. இரண்டு நாள் தரையில் தவழ்ந்து தேடினாராம். அதிலிருந்து முகத்துக்கு முகம் பார்த்தால் அவருடைய முகம் சுவர் பக்கம் போய்விடும்.

"நீங்க போய்க் கேளுங்க," என்றாள்.

"உனக்குத்தானே சிட்டு?"

அவள் சென்று மெதுவாகத் தட்டினாள். நெற்றியில் ஏற்றிவிட்ட உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அவர் கதவைத் திறந்தார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்குள்ள ரெண்டடி எடம் வேணும்."

"எதுக்கு?"

"எங்க வீட்டுக் குருவியப் படம் எடுக்க."

அவர் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். திறந்த வாசல், கூடம், அதைத் தாண்டிப் பால்கனி, வெயிலில் மிதியடி. அந்த நேரம் பார்த்துச் சிட்டு மறுபடி வந்து இறங்கியது.

"அதா?" என்றார், குரலைத் தானாகவே இறக்கி. "சரி, உள்ள வாங்க. மொதல்ல உங்க கதவுக்கு ஒரு கட்டை வைங்க. அடிச்சுதுன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

கணவன் தன் ஒற்றைச் செருப்பையே கதவுக்கு அண்டைகொடுத்தான். முக்காலி கடிகாரக்காரர் வாசலில் நின்றது. அவள் அவருடைய கூடத்தில் மண்டியிட்டாள். குறுக்கே நின்ற கணவன் நகர வழியின்றித் தன் வீட்டுத் தரையிலேயே நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டான். லிஃப்டிலிருந்து காய்கறிப் பையோடு வெளிவந்த பக்கத்துவீட்டம்மா நடைவழியில் கால் வைக்கப்போனார். கடிகாரக்காரர் வாயில் விரல்வைத்துக் காட்டியதும் அப்படியே சிலையானார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் நின்றார்.

கிர்ர் என்ற சத்தம் ஒரு முறைதான் வந்தது. பிறகு கண்ணுக்குள் சிட்டு வந்து நின்றது. வயிற்று மஞ்சள் கழுத்தருகே வெண்மையாகக் கரைவதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். அலகில் பிடித்த நார் மீசைபோல இருபுறமும் வளைந்திருந்தது. கால் நகம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. படம் எடுக்கவேண்டும் என்பதையே கொஞ்சம் மறந்துபோனாள்.

"அமுக்குங்கம்மா!" என்று கடிகாரக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அமுக்கினாள். பதினோரு படம். சிட்டு நாரோடு கிளம்பியதும் பக்கத்துவீட்டம்மா, "இப்ப நடக்கலாமா?" என்று கேட்டார்.

கடிகாரக்காரர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு கேமராத் திரைமேல் குனிந்தார். ஒவ்வொரு படத்தையும் ஓடாத கடிகாரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒன்பதாவதில் நின்றார். "இது. மத்ததுல தலை கொஞ்சம் ஆடியிருக்கு." அவள் உற்றுப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். அதன்பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு நேரே இவர்கள் வீட்டுக்குள் போய், யாரையும் கேட்காமல் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார்.

அன்று முழுவதும் சிட்டு வந்துபோய்க்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே கிடந்தன. தேநீர்க் கோப்பைகள் முக்காலியின் கால்களைச் சுற்றிப் போயின, வந்தன.

மாலையில் படத்தைப் பார்த்த கொழுந்தன் போனில் கத்தினான். "அண்ணி! என்ன ரீச்சு! எவ்ளோ தூரத்துல இருந்து எடுத்தீங்க?"

"ஒன்றரை வீடு," என்றாள்.

"வீடா? மீட்டர்ல சொல்லுங்க அண்ணி."

அவள் பதில் சொல்வதற்குள் கணவன் மிதியடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு மூலை மொட்டையாகியிருந்தது. "உள்ள போட்டுடவா? இது காஞ்சு ரொம்ப நேரமாச்சு."

"அங்கயே போடுங்க," என்றாள் மூச்சக்கா. "கூடு இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கும்."