நான்காம் அறைக் காற்று

அக்கா பதினெட்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னால் அது மிகை. தேநீர் குடிக்கிறாள், பிஸ்கட்டைப் பிய்த்து வாயில் போடுகிறாள். ஆனால் தட்டில் சாப்பாடு வைத்தால் ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். தினமும் மதியம் நான் சமைத்து எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறேன். அதே பாத்திரத்தைக் கனம் குறையாமல் சுமந்துகொண்டு இறங்குகிறேன். இஸ்திரிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள் இப்போது நாற்காலியைப் பிடிக்காமல் எழ முடிவதில்லை.

அவள் கணவர், என் அத்தான், பழக் கிடங்கில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தார். அறைகளின் காற்றை அளந்து எழுதும் வேலை எனக்கு. ஆப்பிளை அடுக்கி, கதவைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவோம். எட்டு மாதம் கழித்துத் திறந்தாலும் நேற்றுப் பறித்த மாதிரி இருக்கும். மந்திரமெல்லாம் இல்லை. பறித்ததும் பழம் செத்துவிடுவதில்லை. அதன் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனை இழுத்து, தன்னிடமுள்ள சர்க்கரையை எரித்து, அந்தச் சக்தியில்தான் உயிரோடு இருக்கிறது. கரியமில வாயுவும் ஈரமும் சூடும் வெளியே வருகின்றன. சர்க்கரை எரிந்து தீர்ந்தால் பழம் சக்கை. அதனால் அறையில் ஆக்சிஜனை நூற்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவோம், அடுப்பைச் சிம்மில் வைப்பது போல.

"பசங்க தூங்குறாங்க, கத்தாதே" என்பார் அத்தான், பழ அறைகளைக் காட்டி, என் வாயை அடக்க. கிடங்கில் அவருக்குத் 'தாலாட்டு' என்று பட்டப்பெயர். எனக்கு 'அவசரக்குடுக்கை'. கோபம் கோபமாக வரும். இப்போது வருவதில்லை.

நான்காம் அறையில் உங்கள் கணவர், தங்கை இரண்டு பேரும் மயங்கி விழுந்தார்கள், தங்கையை முதலில் வெளியே எடுத்தோம், அவரை எடுக்கத் தாமதமாகிவிட்டது. நிர்வாகம் அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான். பொய் இல்லை, முழுசும் இல்லை. மீதியை நான் மென்று விழுங்கிவிட்டேன்.

இன்றைக்குத் தட்டை வைத்தபோது அவள் எழுந்து போகவில்லை.

"ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா?"

"கேளுக்கா."

"அவர் தவிச்சாரா?"

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் நிரம்பி வழிந்தது.

"அன்னிக்கு மணி ஒண்ணேகால். கடையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவ வேற போட்டுக்கிட்டேன்டி, அவ்வளவு பசி. அதே நேரத்துல அவர் அங்க மூச்சுக்குத் துடிச்சிருப்பாரேன்னு நெனச்சா, வாயில வச்சது எறங்க மாட்டேங்குது."

"இல்லக்கா. அவர் தவிக்கவே இல்ல."

"ஆறுதலுக்குச் சொல்லாத. டாக்டரும் இதத்தான் சொன்னாரு. அவரு என்ன, உள்ள போய்ப் பாத்தாரா?"

"மூச்சடக்கினா நெஞ்சு முட்டுதுல்ல? அது ஆக்சிஜன் கொறையறதால இல்லக்கா. கரியமில வாயு உள்ளயே சேர்றதால. அந்த ரூம்ல அதையும் மெஷின் உறிஞ்சிடும். மூச்சு தாராளமா போகும், வரும். காத்துல ஒண்ணும் இல்லங்கறது உடம்புக்கே தெரியாது. சாப்பிட்டது உள்ள இருக்கும், அத எரிக்கக் காத்து இருக்காது. மூளை அப்படியே அணைஞ்சிடும்."

"படிச்சதா?"

"பட்டது. நான் விழுந்தேன்ல."

"தெரியும். ரெண்டு பேரும்..."

"ரெண்டு பேரும் சேந்து இல்லக்கா. மொதல்ல நான்."

சொல்லிவிட்டேன். இனி நிறுத்த முடியாது.

பழ அறைக் கதவின் அடியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சின்னக் கதவு உண்டு. அதன் வழியாக, உள்ளே தொங்கும் மாதிரிப் பழப் பையைக் கொக்கியால் இழுத்துப் பார்ப்போம். அன்று பை அறுந்து உள்ளே விழுந்திருந்தது. காற்று உருளையும் முகமூடியும் மாட்டிய இரண்டு பேர்தான் போக வேண்டும் என்பது விதி. அதற்கு அரை மணி நேரம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். பையை எடுத்துத் திரும்பும்போது தலை இரும்புச் சட்டத்தில் இடித்தது.

"'அம்மா'ன்னு கத்திட்டேன்க்கா. புடிச்சு வச்ச மூச்செல்லாம் அதுலயே போயிடுச்சு. அடுத்த மூச்ச அங்கயே இழுத்தேன். சில்லுன்னு ஆப்பிள் வாசனை. நெஞ்சு முட்டல, பயம்கூட வரல. அவ்வளவுதான் ஞாபகம். அத்தான் சத்தம் கேட்டு ஓடி வந்து, முகமூடி இல்லாம உள்ள பூந்து, என்னத் தூக்கி வெளிய தள்ளியிருக்காரு. பெட்டி தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுறவர் என் காலப் புடிச்சு இழுத்தாராம். திரும்பிப் பாக்கறதுக்குள்ள அத்தான் விழுந்துட்டாரு. அவ்வளவு வெயிட்டத் தூக்கினா மூச்சு வாங்காம இருக்குமா?"

அக்கா என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினெட்டு நாளா சாப்பாடு தூக்கிட்டு வந்தே. இதக் கொண்டுட்டு வரலையேடி."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

"நெஜமாவே நெஞ்சு முட்டலையா?"

"சத்தியமா இல்லக்கா."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் வாய் இறங்க வெகுநேரம் ஆனது. பிறகு தலை நிமிராமல் சாப்பிட்டாள், பாத்திரத்தில் மிச்சமிருந்ததையும் போட்டுக்கொண்டு. நெற்றியில் வேர்வை அரும்பியது. கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. நான் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தேன்.

எழுந்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைலேருந்து வராத. நானே சமைச்சுக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் முறையாகப் பாத்திரம் காலியாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாமல், இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.