கோப்பெங்கில் நின்ற நீலப் புள்ளி

புருஷன் துரைசிங்கத்துக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று ஞானம்மா சொன்னபோது, எதிர்வீட்டு மங்களம் சிரிப்பை மறைக்கச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். தாமான் குடியிருப்புப் பிள்ளைகளின் பந்து வேலிக்குள் விழுந்தால் கத்தியால் கிழித்துத் திருப்பி எறிகிற மனிதர் அவர். அவர்தான் அறுபத்திரண்டு வயதில், குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டத் தஞ்சோங் மாலிமிலிருந்து ஈப்போவுக்குச் சைக்கிள் மிதிக்கப் போகிறாராம். நூற்றிருபது கிலோமீட்டர்.

காரணம் தெரியாதவர் தாமானில் யாருமில்லை. அந்த மருத்துவமனையில் பிரஷாந்தன் என்றொரு டாக்டர் இருந்தான். ஞானம்மாவின் மகள் சிவாஜினிக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. பையனின் தாய் சிரம்பானிலிருந்து முதல் தடவையாகப் பெண் வீட்டாரைப் பார்க்க வருகிறாள். அதுவும் சைக்கிள் வந்து சேரும் இடத்துக்கே. "சேவை மனசுள்ள குடும்பம்தான் வேணுமாம் அவவுக்கு" என்று ஞானம்மா நாலு மாதமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சேவையைக் கடையில் விற்றிருந்தால் ஒரு கிலோ வாங்கியிருப்பாள். விற்காததால், பழைய காரின் விலைக்கு ஒரு சைக்கிளும், உடம்பைக் கவ்விப் பிடிக்கும் மஞ்சள் சட்டையும், முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினாள். அந்தக் கோலத்தில் எடுத்த படம்தான் சுவரொட்டியில். தலைக்கவசத்துக்குக் கீழே மூக்கு மட்டும் தெரிந்தது. சம்பந்தி அம்மாள் பார்த்திருந்ததும் அந்த மூக்கைத்தான்.

பின்னால் வேன் ஓட்டிவர மங்களத்தின் புருஷன் உடையப்பனைப் பிடித்தார்கள். உடையப்பன் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது ஒரு தொழிற்சாலைக் காவலாளி. வெயிலோ மழையோ, வேலைக்குச் சைக்கிள்தான். ஞானம்மா வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுத்தால் கேட்டுக்கு வெளியேதான், பிளாஸ்டிக் குவளையில்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போ மருத்துவமனைக் கூடத்தில் பெரிய திரையில் வரைபடம் ஓடியது. அதில் ஊர்ந்த நீலப் புள்ளி, துரைசிங்கத்தின் பையிலிருந்த கைப்பேசி. பட்டுப்புடவை சரசரக்க, டாக்டரின் தாய்க்குப் பக்கத்தில் ஞானம்மாவும் சிவாஜினியும் உட்கார்ந்திருந்தார்கள்.

புள்ளி சிலிம் ரிவரில் அரைமணி நேரம் படுத்துக் கிடந்தது. பிறகு எழுந்து பறந்தது. சுங்காயை ஒரு மூச்சில் தாண்டியது.

"நல்ல வேகம்" என்றாள் டாக்டரின் தாய்.

"காலையில ஓட்ஸ்தான் சாப்பிடுவார்" என்றாள் ஞானம்மா.

பின்வரிசையிலிருந்து மங்களம் தலையை நீட்டினாள். "அக்கா, புள்ளி ஹைவேல போவுதுலா. இப்ப சைக்கிளயும் டோலுக்குள்ள விடறாங்களா?"

"லைன் சரியில்ல, மங்களம். அப்பிடித்தான் காட்டும்."

ஞானம்மா கைப்பேசியை முந்தானைக்குள் வைத்து நாலு முறை அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ஈப்போவுக்குக் கொஞ்சம் முன்னால், கோப்பெங்கில் புள்ளி இறங்கி நின்றது. ஒரு மணி நேரம். இரண்டு. மூன்று.

"அங்க என்ன இருக்கு?" டாக்டரின் தாய் கேட்டாள்.

"வழியில கோயில் இருந்தா கும்பிடாம வரமாட்டார்."

"மூணு மணி நேரமாவா" என்றாள் மங்களம். "ஐயர் இன்னும் வரல போல."

அந்த நேரம் பார்த்து வாசலில் கைதட்டல் கேட்டது. மஞ்சள் சட்டை, தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் சைக்கிளில் வந்து இறங்கின. திரையில் புள்ளி இன்னும் கோப்பெங்கிலேயே இருந்தது.

ஞானம்மா கால்களைப் பார்த்தாள். கறுத்து, முறுக்கேறிய கெண்டைக்கால்கள். துரைசிங்கத்தின் கால்கள் அவித்த முள்ளங்கி மாதிரி இருக்கும்.

"சாருக்கு சிலிம் ரிவர்ல தொடை பிடிச்சிக்கிச்சிங்கக்கா" என்று உடையப்பன் அவள் காதருகே முணுமுணுத்தார். "சட்டைய மாத்திக்கிட்டோம். கோப்பெங்ல திரும்ப மாத்தலாம்னாரு. நான் எங்க பழைய தோட்டத்துப் பக்கமா குறுக்கால வந்துட்டேன். என் போனு வேன்ல."

சட்டை மாறியிருந்தது. புள்ளியைச் சுமந்த கைப்பேசியை மாற்ற மட்டும் அந்தப் படித்த மனிதருக்குத் தோன்றவில்லை.

"கழட்டாதீங்க" என்றாள் ஞானம்மா பல்லைக் கடித்தபடி. "ஒரு வார்த்தை பேசாதீங்க."

டாக்டரின் தாய் மாலையைப் போட்டு, கைகூப்பினாள். உடையப்பனும் கூப்பினார். ஞானம்மா ஜென்மத்தில் முதல் தடவையாக அவருக்குப் பக்கத்தில் ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் புள்ளி நகர்ந்தது. கூடத்திலிருந்த அத்தனை பேரும் அதையே பார்த்தார்கள். சிம்பாங் பூலாய் தாண்டியது. நகருக்குள் நுழைந்தது. மருத்துவமனை கேட்டுக்குள் திரும்பியது. வேன் வந்து நின்றது. தூங்கி எழுந்த முகத்தோடு, உடையப்பனின் கட்டம் போட்ட சட்டையில் மீ நூடுல்ஸ் குழம்பு சிந்தியிருக்க, துரைசிங்கம் நொண்டியபடி இறங்கினார்.

"இவர் ஆர்?" என்றாள் டாக்டரின் தாய்.

ஞானம்மா மகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"வேன் டிரைவர்" என்றாள்.

சிவாஜினி கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மங்களம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரர நான் கூட்டிக்கிட்டுப் போலாமா அக்கா, இல்ல சாயங்காலம் வரைக்கும் உங்களுக்கு வேணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரின் தாய், மாலையோடு நின்ற உடையப்பனுக்கு ஒரு நாற்காலியும், கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, சிரம்பானுக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.