கிருஷ்ணப்பன் கரையேறிய பக்கம்

திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்ற ஒற்றைப் பனை, 1913-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு புதன்கிழமை புத்தகத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புக் காளவாயும் கூடவே போயிற்று. அன்று மத்தி மீன் கூடை ஆறணா, வாடைக்காற்று அடித்தது. புத்தகம், ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையின் வரலாறு. எழுதியவர் நீலமேகம், ராயபுரம் ரயில் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் குடையும் கட்டுச்சோறுமாகக் கழிமுகம் வரை நடந்து, மணல்மேடு, உப்பங்கழி, குப்பத்து வழக்கங்கள் என்று கண்டதையெல்லாம் எழுதினார். துறைமுகச் சுவர் வந்தது முதல் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது; எழுதி வைத்தால் தங்கும் என்று அவர் நம்பினார். சர்க்கார் குறிப்புகளைப் பார்த்து எழுதியதெல்லாம் நிலத்திலேயே இருந்தது. நேரில் பார்த்து, நெஞ்சு நிறைந்து எழுதிய மூன்றுதான் அச்சான அன்றே குடிபெயர்ந்தன: பனை, காளவாய், தண்டையார்ப்பேட்டையில் ஒரு கிணறு. கிணற்றடிக்குக் குடத்தோடு வந்த பெண்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த தெருக் கிணற்றுக்குப் போனார்கள்.

பனையைப் பற்றி அவருக்குச் சொன்னவள் சொக்கம்மாள். குப்பத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. கடலில் நின்று கரையைப் பார்க்கும்போது இரண்டு அடையாளங்கள் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வந்தால், கீழே மீன் மேயும் பாறை இருக்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தால் வீடு. குறியைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். அவள் புருஷன் கிருஷ்ணப்பனின் குறி, பனையும் காளவாயும். புருஷன் பேரைப் புத்தகத்தில் போடுவதாக நீலமேகம் சொன்னதும் அவள் மயங்கிக் குறியைச் சொல்லிவிட்டாள். பேரை அவள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் நாத்தனார் முத்தம்மாதான் வந்து சொன்னாள்.

“எங்க அண்ணன் பேரு பொஸ்தகத்துல வந்தா, மீனு நடந்து வந்து கூடையில குந்திக்குமா அண்ணி? குறியப் போயி சொல்லிட்டியே.”

“நம்ம குப்பத்துல எவனுக்குடி படிக்கத் தெரியும்? மண்ணுல பொதைச்சாக்கூட நாயி தோண்டும். அதுல கெடந்தா பத்திரமா கெடக்கும்.”

அந்தப் புதன்கிழமை விடியுமுன்பே கிருஷ்ணப்பன் கட்டுமரத்தில் தனியாகப் போயிருந்தான். மற்றவர்கள் அவரவர் குறியைப் பிடித்துத் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. சொக்கம்மாள் கைக்குழந்தை மலர்க்கொடியோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீலமேகம் ஓடி வந்தார். கையில் புத்தகம், பனையைப் பற்றிய பக்கம் மட்டும் நனைந்திருந்தது. அவர் எழுதாத சில வரிகள் அதில் அச்சாகியிருந்தன. கிருஷ்ணப்பன் என்னும் மீனவன் பனையும் காளவாயும் ஒரே கோட்டில் தெரிய, அதைப் பிடித்துக் கரையேறினான் என்றும், தன் குடிசையைத் தேடி மணலில் மேலும் கீழும் நடக்கிறான் என்றும் இருந்தது. புத்தகத்தில் குடிசை எதுவும் இல்லை. பனை அழகாக இருந்ததால் நீலமேகம் அதோடு நிறுத்தியிருந்தார்.

கிணற்றுப் பக்கத்தை அவர் எல்லாப் பிரதிகளிலிருந்தும் கிழித்துப் பார்த்தார். கிணறு நிலத்துக்குத் திரும்பவில்லை, புத்தகத்திலும் இல்லை. அதன்பின் பனைப் பக்கத்தின் மேல் யாரும் கை வைக்கவில்லை.

சொக்கம்மாள் அழுது முடித்துவிட்டு, “எங்க வூட்டையும் அதுல எய்திடு ஐயா” என்றாள்.

“இங்கே வீடு இருக்காதும்மா. கொழந்தைய வெச்சிக்கிட்டு எங்கே படுப்பே?”

“நான் எங்கனா படுத்துக்குவேன். அது அங்க ஈரத்தோட நின்னுகினு கீது.”

அவளையும் குழந்தையையும் சேர்த்தே எழுதிவிடட்டுமா என்று அவர் கேட்டார். அவள் குழந்தையின் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள். பிறகு, “உள்ள போனது எதுவும் வளராதுன்னு நீதானய்யா சொன்ன. இது வளரணும்” என்று குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

எம்டன் குண்டு போட்ட வருஷம் இரண்டாம் பதிப்பு வந்தது. குடிசை போயிற்று, தாயும் மகளும் முத்தம்மா வீட்டில் ஒண்டினார்கள். கிருஷ்ணப்பன் உள்ளே போய்ப் படுத்தான் என்று ஒரு வரி கூடியது. அடுத்த பதிப்பில் சொக்கம்மாள் சோற்றுப்பானையை அனுப்பினாள், அதற்கடுத்ததில் அவன் விட்டுப்போன போர்வையை. பிழைப்புக்கு டோல்கேட்டில் மீன் விற்றாள். ஞாயிறுதோறும் நீலமேகம் வந்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுவார். பொண்டாட்டி எங்கே என்று அவன் வாசலில் நின்று கேட்பதாக ஒரு வரி எல்லாப் பதிப்பிலும் இருந்தது. அதைப் படிக்கும்போது மட்டும் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மலர்க்கொடி எண்ணூரில் வாழ்க்கைப்பட்டாள். முத்தம்மா படுக்கையில் விழுந்தாள்; அவளையும் கடைசிவரை சொக்கம்மாளே பார்த்துக்கொண்டாள். 1938-இல் முத்தம்மாவின் காரியம் முடிந்த மறுநாள், ராயபுரத்துக்கு நடந்துபோய் நீலமேகத்தின் வாசலில் நின்றாள்.

“இப்ப என்னிய எய்து ஐயா.”

தலை முழுக்க நரைத்திருந்தது. கூடை சுமந்து கழுத்து குறுகி, முன்பற்கள் போயிருந்தன. அந்த நாள் சொக்கம்மாளாக எழுதட்டுமா என்று கேட்டார் நீலமேகம். அவருக்கும் கண்ணில் புரை விழுந்திருந்தது.

“பொய் எய்தினா அங்க தங்குமா?”

“தங்காதும்மா. கண்ணால பாத்ததுதான் தங்குது.”

“அப்பாலிக்கு இன்னா கேள்வி? இப்டியே எய்து.”

எழுதினார். புத்தகம் வந்த அன்று டோல்கேட்டில் அவள் இடத்தில் வேறொருத்தி கூடையை இறக்கினாள். மலர்க்கொடி புருஷனோடு ராயபுரம் வந்து, விலை பத்தணா கொடுத்து ஒரு பிரதி வாங்கி, அங்கேயே படிக்கச் சொன்னாள். நீலமேகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். பொழுது சாய்ந்தது, இருபத்தைந்து வயது கிருஷ்ணப்பன் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான், நரைத்த கிழவி ஒருத்தி கஞ்சி கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் கலயத்தைத் தொடாமல் அண்ணாந்து பார்த்தான்.

“ஆயா, எம் பொஞ்சாதிய எங்கனா பாத்தியா?”

“வருவா நைனா. நீ துன்னு.”