அவர் உளறிய வசனம்

படங்களிலும் சீரியல்களிலும் காலமெல்லாம் ஊரைச் சிரிக்க வைத்த கணவரின் படப்பிடிப்பைப் பார்க்க, மனைவி அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தாள். அவருக்கு மகளாக நடிக்க வந்த புதுப்பெண்ணோ, பதற்றத்தில் வசனத்தைத் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டாள்.

"இந்த டேக்கும் போச்சுன்னா வேற பொண்ணைக் கூப்பிட்டுக்கிறேன்!" என்று வெடித்தார் இயக்குநர்.

கேமரா ஓடியது. பெண்ணின் உதடு நடுங்கியது. அவள் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டு தன் வசனத்தைத் தலைகீழாக உளறி, நாற்காலியோடு தொப்பென்று விழுந்தார். அந்தப் பெண்ணே வயிறு குலுங்கச் சிரித்துவிட்டாள்.

"என்னண்ணே நீங்களுமா?" இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வயசாகுதுல்ல தம்பி, மன்னிச்சுக்கோங்க."

சிரித்த சிரிப்பில் பயம் விட்டுப்போக, அடுத்த டேக்கில் பெண் பிசிறில்லாமல் பேசி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மனைவி மட்டும் கணவரையே பார்த்தாள். வீட்டில் சமையலறை வரை அவள் பின்னாலேயே வந்து, அடுத்தவர் வசனத்தையும் சேர்த்து ஒப்பிக்கிற மனிதர் அவர். இடைவேளையில் அவர் முழங்காலைத் தடவிவிட்டபடி கேட்டாள்:

"நேத்து தூக்கத்துல கூட இதைச் சரியாத்தானே சொன்னீங்க?"

"மெல்லப் பேசுடி! அந்தப் பொண்ணு காதுல விழுந்தா மறுபடி பயந்துடும்."