பின்னுக்குத் தள்ளுங்கோ

வோட்டுப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து யோகலிங்கத்தின் பிக்கப்பில் ஏற்றியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நடந்த வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாக வவுனியா அரசாங்கக் கந்தோரான கச்சேரியிலிருந்து வந்திருந்த கிளாக்கர் தவராசா முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். பொலிஸ்காரர் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்தார். யோகலிங்கம் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினான்.

'டக்' என்றது. அவ்வளவுதான்.

அந்தப் பழைய ஆமி பிக்கப் மூன்று நாளாகவே இடக்குப் பண்ணிக்கொண்டிருந்தது. நாலு தரம் அழுத்தினால் ஒரு தரம் பிடிக்கும். ஆனாலும் தேர்தல் ஓட்டத்துக்கு வாகனம் தேடி வந்த கச்சேரி ஆள் "எல்லாம் சரியா வேலை செய்யுதோ?" என்று கேட்டபோது, "ஓம் ஐயா, ஒரு குறையுமில்லை" என்று சொல்லிவிட்டான். செட்டிகுளப் பக்கத்தில் அரசாங்க ஓட்டம் வாய்ப்பது லேசில்லை.

"என்ன தம்பி?" என்றார் தவராசா.

"ஒண்டுமில்லை ஐயா. இந்தா எடுக்கிறன்."

மறுபடியும் அழுத்தினான். டக். பள்ளிக்கூட வாசலில் நின்ற சனம் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தது. கையால் சுற்றும் இரும்புக் காண்டிலை முன்னால் மாட்டி முழுப் பலத்தோடு திருகினான். எஞ்சின் இம்மியும் அசையவில்லை.

"உவன் வேணுமெண்டு செய்யிறான்!"

சத்தம் போட்டது அப்புத்துரை. ஒரு வேட்பாளரின் ஏஜன்றாகக் காலையிலிருந்து சாவடிக்குள் இருந்தவர். "உவன்ரை மச்சான் மற்றக் கட்சிக்கு வேலை செய்தவன். இருட்டும் மட்டும் பெட்டியை இஞ்சை வைச்சிருக்கப் பாக்கிறான்!"

தவராசா கீழே இறங்கினார். பெட்டிக்குப் பொறுப்பாக அவர் வந்தது இதுதான் முதல் தடவை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து மணிக்கூட்டைப் பார்த்தார். பொழுது பட்டால் காட்டு ரோட்டில் யானை நிற்கும்.

யோகலிங்கம் பொனற்றைத் திறந்தான். பற்றரிக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தான், இறுக்கமாகத்தான் இருந்தன. முன் லைற்றைப் போட்டான், பளிச்சென்று எரிந்தது.

"ஐயா, அந்தப் பொத்தானை ஒருக்கா அமத்துங்கோ."

தவராசா எட்டி அழுத்தினார். டக். லைற் வாடிச் சிவந்து, அவர் கையை எடுத்ததும் பழையபடி எரிந்தது.

அப்படியென்றால் பற்றரி சாகவில்லை. கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போகிறது. ஆனால் அதன் சின்னப் பல்லுச்சில்லு எஞ்சினின் பெரிய சில்லுக்குள் கடித்து இறுகிக் கிடக்கிறது. அதனால்தான் காண்டிலுக்கும் அசையவில்லை. ரொப் கியரில், அதுதான் கடைசிக் கியரில், போட்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ளினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றிப் பல்லு கழலும்.

பின்னுக்கு என்றால் பள்ளிக்கூடத்துக்குள்.

"பின்னுக்குத் தள்ளுங்கோ" என்றான்.

சனம் கொதித்தது. "பெட்டியைத் திரும்பவும் உள்ளுக்குக் கொண்டுபோகவோ?" ஒருவன் அவன் சேட்டுக் கொலரைக் கொத்தாகப் பிடித்தான். யோகலிங்கம் அந்தக் கையை விலக்கினான். "பெட்டியை இறக்கி வையுங்கோ. வெறும் வண்டியைத் தள்ளுவம்" என்று எப்படியோ சொன்னான்.

தவராசா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பெட்டி மணலில் இறங்கியது. பொலிஸ்காரர் அதற்குப் பக்கத்தில் நின்றார். சனமும் பெட்டியைச் சுற்றி நின்றது. வண்டியைத் தள்ள ஒருவரும் வரவில்லை. பெட்டியை விட்டு அகல ஒருவருக்கும் மனமில்லை.

யோகலிங்கம் தனியே தோளைக் கொடுத்துத் தள்ளினான். வண்டி அசையவில்லை. கண் கலங்கியது.

கடைசியில் அப்புத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "நான் தள்ளுறன். ஏதும் பிழைச்சுதோ, உன்னை விடமாட்டன்." அவர் வரவும் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

யோகலிங்கம் ஏறி ரொப் கியரைப் போட்டான். வண்டி திமிறியது, ஒரு முழம் பின்னுக்குப் போனது. அடியில் 'கடக்' என்று ஏதோ விடுபட்டது. கியரை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பெட்டியை மறுபடியும் ஏற்றினார்கள்.

வழி நெடுக அவன் எஞ்சினை அணைய விடவில்லை. கச்சேரி வாசலில் காவல்காரர் எஞ்சினை நிற்பாட்டச் சொல்லியும் கேட்கவில்லை. பெட்டி உள்ளே போன பிறகுதான் சாவியைத் திருப்பினான்.

தவராசா சுணங்கியதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. பேனையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார்.

"உண்மையைச் சொல்லும். இந்தக் கோளாறு முந்தியே இருந்ததோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அந்த மனுசன் இந்தப் பொழுதில் நாலு வயது கூடினவர்போல இருந்தார்.

"ஓம் ஐயா. மூண்டு நாளா."

தவராசா இங்கிலீசில் நாலு வரி எழுதி மையை ஒற்றினார். யோகலிங்கத்துக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை.

பொலிஸ் வரும் என்று ஒரு மாதம் பயந்திருந்தான். ஒருவரும் வரவில்லை. அறுபதாம் ஆண்டு மார்ச்சில் நடந்த தேர்தல் அது. அரசாங்கம் கவிழ்ந்து யூலையிலேயே இன்னொரு தேர்தல் வந்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றித் திருத்தி வைத்திருந்தான். ஆனால் வாகனம் கேட்டு யாரும் அவன் வீட்டுக்கு வரவில்லை. அந்த முறை வேறொருவனுடைய வான் வண்டியில்தான் பெட்டி போனது. யோகலிங்கம் சனத்தோடு சனமாக நின்று, அது ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகிப் போவதைப் பார்த்தான்.