இம்மி விலை

பச்சை பங்க்குக்கும் சிவப்பு பங்க்குக்கும் நடுவில் போன நெடுஞ்சாலை, பெட்ரோல் விலை கால் காசு குறைந்த ஒவ்வொரு முறையும் ஒரு முழம் ஒடுங்கியது. இதை முதலில் கண்டுகொண்டவள் பச்சை பங்க்காரரின் மனைவி. தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி விலைப்பலகையில் எண் தகடுகளை மாற்றுவது அவள் வேலை. அந்த உயரத்தில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பது யாரும் கொடுக்காத வேலை. எதிரே இருந்த சிவப்பு பங்க் அவளுடைய சொந்த அண்ணனுடையது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனின் சட்டை நிறம் மட்டும்தான் அங்கிருந்து தெரியும். ஒருநாள் அந்தச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது தெரிந்தது. கண்ணாடி போடாமலே கண் தெளிந்துவிட்டதோ என்று நினைத்தாள். கண் தெளியவில்லை, அண்ணன்தான் கிட்டே வந்திருந்தார்.

சண்டை கால் காசு பெறாது. தனக்கு எதிரிலேயே தங்கை மாப்பிள்ளை கடை விரிப்பார் என்று அண்ணன் எதிர்பார்க்கவில்லை. மச்சான் தன்னைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வார் என்று மாப்பிள்ளை பல வருஷம் எதிர்பார்த்து அலுத்திருந்தார். திறப்பு நாளன்று, வந்தவர்கள் வாயில் இனிப்பு இருக்கும்போதே, இருவரும் நடுரோட்டில் நின்று வார்த்தையை விட்டார்கள். "இனிமே ரோட்டைத் தாண்டி உங்க வீட்டு ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்றார் அண்ணன். "அதே பேச்சு உங்களுக்கும்தான்" என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள், அதுதான் கெட்டது. புகுந்த வீட்டு வாக்கும் பிறந்த வீட்டு வாக்கும் ஒன்றாகவே இருந்ததால், ஒன்றை மீறி இன்னொன்றில் போய் ஒண்டிக்கொள்ளவும் அவளுக்கு வழியில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வெங்காயம் நறுக்கும் நேரமாகப் பார்த்து அழுதுகொண்டாள்.

பேச்சு நின்ற பிறகு விலைப்பலகைகள் பேசின. முழுக் காசு குறைத்தால் கட்டுப்படியாகாது, குறைக்காமல் விட்டால் மானம் போகும். ஆகவே மாப்பிள்ளை கால் காசு குறைத்தார். மறுநாள் மச்சான் அதற்கும் கீழே கால் காசு போனார். கொள்முதல் விலை கழுத்தைப் பிடித்ததும் இருவரும் ரோஷத்தை விடாமல் குறைப்பை மட்டும் சிறிதாக்கிக்கொண்டார்கள். அரைக்கால் வந்தது, அதிலும் பாதியான வீசம் வந்தது, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்று வழக்கொழிந்து போயிருந்த முந்திரிக் கணக்குகூடத் தூசு தட்டிக்கொண்டு பலகை ஏறியது. அந்த வீசத்துக்குச் சில்லறை கொடுக்க யாரிடமும் நாணயம் கிடையாது. ஆனாலும் வீசம் மிச்சம் பிடிக்க இரண்டு லிட்டர் எரித்துக்கொண்டு பக்கத்து ஊர்களிலிருந்து வண்டிகள் வந்தன. பெட்ரோல் வரும் டிப்போவில் முழுக் காசு ஏறினால் இருவரும் ஏற்றுவார்கள், அப்போது சாலை அசையாது. முழுக் காசு வியாபாரம், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ரோஷம். சாலை ரோஷத்துக்குத்தான் அசைந்தது.

இது புரிந்த நாளிலிருந்து அவள் தூண்டிவிட ஆரம்பித்தாள். "எங்கண்ணன் இன்னைக்கு ஒரு வீசம் குறைச்சிருக்காரு. நமக்கு எதுக்குங்க இந்தப் போட்டி, விட்டுடுங்க" என்பாள். விடு என்றால் விடாத மனிதர் அவர். இப்படியே வருஷங்கள் போய், சாலை ஒரு கட்டில் அகலத்துக்கு வந்தது. போக்குவரத்துக்கு ஒரு குறையும் இல்லை. லாரிகள் அந்த இடம் வந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்து, அந்தப் பக்கம் போய் மூச்சு விட்டன. பேருந்தில் நடத்துனர் பயணிகளிடம், "முழங்கையை உள்ள வச்சுக்குங்க" என்பதோடு சரி.

பிறகு அண்ணனுக்கு மூச்சிரைப்பு வந்தது. அண்ணி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவர் தூணைப் பிடித்தபடி நிற்பதை ஏணியிலிருந்து பார்த்தவள் எண் தகடுகளை அப்படியே விட்டு இறங்கினாள். கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு சாலையின் தன் பக்கத்து ஓரத்தில் நின்று கையை நீட்டினாள். வாக்கு காலைப் பற்றியது, கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் வாங்கிக்கொண்டார். இரண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மியா இருக்கும்மா" என்றார். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான், அவளுக்கு அது போதவில்லை. அன்று ராத்திரி கணவர் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "உங்கண்ணன் குடிச்சாரா?" என்று கேட்டார். மறுநாள் யாரும் தூண்டாமலே ஒரு முந்திரி குறைத்தார்.

சாலை ஒரு சாண் ஆகியிருந்தபோது மேலிடத்து அதிகாரி வந்து சேர்ந்தார். எல்லா பங்க்கிலும் இனி முழுக் காசு விலைதான், உடைந்த கணக்கு கூடாது என்று உத்தரவு. அவளுக்குக் கால் தரிக்கவில்லை. விலை முழுசானால் சாலை பழையபடி விரிந்துவிடும். அண்ணன் மறுபடி வெறும் சட்டை நிறமாகிவிடுவார், கஞ்சி ஆறிப்போகும்.

அதிகாரி ஒரு காலை இந்த பங்க்கிலும் இன்னொரு காலை அந்த பங்க்கிலும் வைத்து நின்றுகொண்டு, "இந்த முந்திரியால யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே குரலில், "முழுசாக்க முடியாதுங்க" என்றார்கள். சொன்ன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க இருவரும் மிகவும் பாடுபட்டார்கள்.

"காரணம் வேணுமே" என்றார் அதிகாரி.

"முழுசாக்கினா எங்கண்ணன் தூரமாப் போயிடுவாரு சார். என் கை அவ்வளவு நீளம் இல்ல" என்றாள் அவள்.

அதிகாரி குனிந்து தன் கால்களுக்கு நடுவில் பார்த்தார். ஒரு சரக்கு லாரி அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கும் எங்கோ ஒரு தங்கை இருந்திருக்க வேண்டும். உடைந்த விலை வாடிக்கையாளர் மனசுக்கு மலிவாகத் தெரிகிறது, ஆகவே எல்லா ஊரிலும் அப்படியே வைக்கலாம் என்று மேலே எழுதிப் போட்டார். மேலிடம் நம்பியது. அன்றிலிருந்துதான் எங்கு போனாலும் பெட்ரோல் விலை ஒரு துண்டுக் கணக்கில் முடிகிறது. படித்தவர்கள் இன்றும் அந்த மலிவுக் காரணத்தையே சொல்கிறார்கள். மற்ற ஊர்களைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கலாம்.

இப்போது நடுவில் ஒரு இம்மிதான் பாக்கி. ரோடே இல்லாமல் போனால் கொடுத்த வாக்கு நிற்க இடமிருக்காது என்று, அந்தக் கடைசி இம்மியைக் குறைக்க இரண்டு பேருமே தயாராக இல்லை. அவளும் இப்போது யாரையும் தூண்டுவதில்லை. சாயங்காலம் அவள் நாற்காலி இந்தப் பக்கமும் அண்ணன் நாற்காலி அந்தப் பக்கமும் கைப்பிடி உரசக் கிடக்கின்றன. "நாளைக்கு என்ன விலைன்னு மச்சானைக் கேளு" என்பார் கணவர், பக்கத்தில் நின்றுகொண்டு. "முதல்ல மாப்பிள்ளையைச் சொல்லச் சொல்லும்மா" என்பார் அண்ணன். இன்றுவரை யாரும் ரோட்டைத் தாண்டவில்லை. காலையில் அவள் ஒரே ஏணியில் ஏறி இரண்டு பலகைகளையும் மாற்றிவிட்டு, அண்ணனுக்குக் கஞ்சி வைக்க இறங்குகிறாள்.