வரவேற்பில் நின்ற ஊர்

மலர்க்கொடி தினமும் உத்திரமேரூரிலிருந்து தாம்பரத்துக் கம்பெனிக்குப் போய் வருகிறவள். விடியற்காலை நாலரை பஸ்ஸில் தொங்கியபடி செங்கல்பட்டு. அங்கிருந்து மின்சார ரயில். பஸ் தாமதித்தால் ரயில் போய்விடும். அப்படி இரண்டு மெமோ வாங்கியாகிவிட்டது. மூன்றாவது வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

செங்கல்பட்டோடு நிற்கும் மின்சார ரயிலை உத்திரமேரூர் வரை நீட்டலாமா என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வரவேற்புப் பொறுப்பை ரைஸ்மில் தங்கவேலு தம் தலையில் போட்டுக்கொண்டார்.

“பொதன்கெயமை ஒருத்தரும் வேலைக்குப் போவக்கூடாது. விடியறதுக்குள்ள ஊரே வந்து நிக்கணும். கூட்டத்தப் பாத்து ஆபீசர் மெரளணும்!”

“எனக்கு லீவு கெடைக்காது நைனா” என்றாள் மலர்க்கொடி.

“ரயிலு யாருக்கும்மா வருது, எனக்கா? உன்னாட்டம் பொண்ணுங்களுக்குத்தான?”

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினாள்.

புதன்கிழமை நாலு மணியிலிருந்து பயணியர் விடுதி வாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். பத்து மணிக்கு ஜீப் வந்தது. மேளம், மாலை, ஆரத்தி. அதிகாரி உள்ளே போய் இலை முன் உட்கார்ந்தார். கேசரியை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்.

அப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து நோட்டும் கையுமாக இரண்டு குமாஸ்தாக்கள் களைத்துப்போய் வந்தார்கள்.

“நாலுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணியாச்சு சார். ஆறு பஸ். மொத்தமே பதினேழு பேர்.”

பரிமாறிக்கொண்டிருந்த மலர்க்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“இன்னா சார் எண்ணினீங்க? தெனம் படிக்கட்டுல தொங்கிக்கினு போறோம்!”

“இன்னிக்கு யாரும்மா வந்தாங்க? கண்டக்டரே வாயப் பொளந்துட்டான்.”

“நாங்கல்லாம் இங்க நின்னுக்கினு இருந்தோம் சார், உங்களுக்கோசரம்!”

அதிகாரி நெய்க் கையைத் தமக்குப் போர்த்திய சால்வையிலேயே துடைத்தார். “மேளம் கேட்க வந்தவங்களை எண்ணச் சொல்லி எனக்கு ஆர்டர் இல்லையே. பஸ் ஏறினவங்கதான் கணக்கு.”

“நாளைக்கு இன்னொரு தபா எண்ணுங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்.”

“நாளைக்கு மதுராந்தகம் புரோகிராம். இந்த ரூட்டுக்கு ஆள் பத்தாதுன்னு எழுதிட வேண்டியதுதான்.” நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். அவள் முகத்தில் நெய் வாடை அடித்தது.

ஜீப் போனதும் தங்கவேலு கொஞ்சமும் அசரவில்லை. “வுடுங்கப்பா! அடுத்த தபா மந்திரியையே இட்டாறேன். ஆயிரம் பேரு நிக்கணும், இன்னா?”

கூட்டம் கைதட்டியது. தினமும் மலர்க்கொடியோடு பஸ்ஸில் தொங்கும் கனகாவும் தட்டினாள்.

“நீயுமாடி?”

“அவுரு எம்மாம் பாடுபட்டாரு, பாவம்.”

எச்சில் இலைகளை ஒரு நாய் இழுத்துக்கொண்டிருந்தது. கைதட்டும் கூட்டத்தைப் பார்த்தபின் அது மலர்க்கொடிக்கு அருவருப்பாகத் தெரியவில்லை.

“கம்பெனிப் பொண்ணு, முன்னால வா! போட்டோ எடுக்கறாங்க!” என்றார் தங்கவேலு.

“தூ!” என்று சாக்கடையில் துப்பிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். அரை நாள் வேலையாவது மிஞ்சட்டும்.

ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ் காலியாக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எண்ணுவதற்கு அங்கே யாரும் இல்லை.